மூன்று விரல் நுழையாத வாய்: என் வீட்டுக்காரருக்கு என்ன ஆயிற்று?

ஞாயிறு டீச்சர் (யாங்கூன்) எழுதியது:

வணக்கம். பல், வாய் வைத்தியம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து முழுவதையும் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரருக்கு வயது 44. இங்கே பர்மாவில், யாங்கூனிலிருந்து மோல்மீனுக்குச் சரக்கு லாரி ஓட்டுகிறார். பெரும்பாலும் இரவுப் பயணம். 19 வயதில் லாரியில் கிளீனராக ஏறியபோது குன்யா போடப் பழகினார். வெற்றிலை, சுண்ணாம்பு, உடைத்த பாக்கு, ஊறவைத்த புகையிலை எல்லாம் சேர்த்து மடித்துப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தருவார்களே, அதுதான். ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது போகும். மூன்று வருடத்துக்கு முன்னால் அவருடைய சித்தப்பா வாய்ப் புற்றுநோயில் இறந்துபோனார். அந்தப் பதினாறாம் நாள் காரியத்தன்று நாங்கள் எல்லோரும் அழுது கேட்டுக்கொண்டதில் புகையிலையை விட்டுவிட்டார். வெறும் வெற்றிலை பாக்கு மட்டும்தான் இப்போது. புகையிலை போனதே, பெரிய கண்டம் தாண்டிவிட்டோம் என்று அன்றைக்குக் கோயிலில் தேங்காய் உடைத்தேன்.

இந்த வருடம் பொங்கலன்று இலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். மனிதர் கையால் எடுத்து உருட்டிச் சாப்பிடாமல் சின்னக் கரண்டி கேட்டார். கரண்டியைப் பக்கவாட்டில் திருப்பித்தான் உள்ளே விட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. யோசித்துப் பார்த்தால் ஒரு வருடமாகவே ரசம் விட்டுக் குழைத்த சோறுதான் கேட்டுக்கொண்டிருக்கிறார். கொய்யாப்பழத்தைக் கடிக்க மாட்டார், கத்தியால் சீவித்தான் தின்பார். ங்கபி என்கிற மீன் விழுதும் பச்சை மிளகாயும் இல்லாமல் சோறு இறங்காதவர், இப்போது அந்தக் கிண்ணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வாயெல்லாம் எரிகிறது என்கிறார். தெருமுனையில் லாரியை நிறுத்தியதும் சின்னவனுக்கு ஒரு விசில் கொடுப்பார். அவன் படியில் ஓடி இறங்குவான். அந்த விசிலைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகிறது. களைப்பு என்று நினைத்திருந்தேன்.

தண்ணீர்த் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப்பல் வலி என்றார். பக்கத்தில் இருந்த ஒரு பல் மருத்துவமனைக்குப் போனோம். ஞானப்பல் சாய்ந்து முளைத்திருக்கிறது, அதனால்தான் வாய் திறக்கவில்லை என்று சொல்லி ஐந்து நாளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். பிறகு பல்லைப் பிடுங்கினார்கள். கருவி உள்ளே போகாமல் வாயோரம் கிழிந்து ரத்தம் வந்தது. ஒரு வாரத்தில் வாய் தானாகத் திறக்கும் என்றார்கள். மூன்று மாதம் ஆகிவிட்டது. பல்வலி போய்விட்டது, வாய் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. எத்தனை வருடமாகக் குன்யா போடுகிறீர்கள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. பல்லெல்லாம் சிவப்பேறிக் கிடந்ததை எல்லோரும்தான் பார்த்தார்கள்.

இவர் இதை நரம்பு இறுக்கம் என்கிறார். தாடையில் எண்ணெய் தேய்த்துவிட ஒரு அம்மாவிடம் வாரா வாரம் போகிறார். இது நரம்பா, தாடை மூட்டா? சித்தப்பாவுக்கு வந்தது போலவா? அந்த வார்த்தையை எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை. எங்கே போய், என்னவென்று கேட்க வேண்டும்?


தட்டோன் தம்பி எழுதியது:

அக்கா, பயப்படாதீர்கள். என் தாய்மாமாவுக்கும் இதே மாதிரி ஞானப்பல்லால் வாய் பூட்டிக்கொண்டது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்து, மாத்திரையும் சாப்பிட்டார். பத்து நாளில் சரியாகிவிட்டது. அண்ணன்தான் புகையிலையை விட்டுவிட்டாரே! வெற்றிலை பாக்கு நம் பெரியவர்கள் காலங்காலமாகப் போட்டதுதான், அதனால் கெடுதல் வராது. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்கள்.


மோல்மீன் பல் டாக்டரம்மா எழுதியது:

டீச்சர், பொறுத்துப் பார்க்க வேண்டாம். இந்த வாரமே கிளம்புங்கள்.

நான் 26 வருடமாக மோல்மீனில் பல் வைத்தியம் பார்க்கிறேன். என் நாற்காலியில் வந்து உட்காருகிற லாரிக்காரர்களில் குன்யா போடாதவரை விரல் விட்டு எண்ணிவிடலாம். வாயைப் பார்க்காமல் நோய்க்குப் பெயர் சூட்டக் கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்த சயாமா கண்டிப்பாகச் சொல்வார். அதனால் இதுதான் என்று முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் காரம் எரிகிறது, விசில் வரவில்லை, வாய் வருடக்கணக்கில் மெல்ல மெல்லச் சுருங்கியிருக்கிறது, 25 வருடமாகப் பாக்கு என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோதே எனக்கு ஒரு நோய்தான் மனதில் வந்தது. அதைச் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்போம். வாய்க்குள் இருக்கிற மெல்லிய சவ்வுக்கு அடியில் நார் நாராகத் தழும்பு கட்டி, கன்னம் தோல் வார் போல விறைத்துப் போகிற நோய்.

தட்டோன் தம்பி, உங்கள் மாமாவுக்கு நடந்தது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அது வேறு. ஞானப்பல்லைச் சுற்றிச் சீழ் பிடித்தால் வாய் இரண்டு மூன்று நாளில் பூட்டிக்கொள்ளும். வலி, வீக்கம், சிலருக்குக் காய்ச்சல், வாயில் கெட்ட சுவை எல்லாம் கூடவே வரும். சீழ் வடிந்ததும் வாய் திறந்துவிடும். தாடை மூட்டுக் கோளாறு என்றால் காதுக்கு முன்னால் டக் டக் என்று சத்தம் கேட்கும், திறக்கும்போது தாடை ஒரு பக்கமாக விலகும், மெல்லும்போது வலிக்கும். டீச்சரின் வீட்டுக்காரருக்கு வந்திருப்பது அப்படிப்பட்டது இல்லை. வலியே இல்லாமல், வீட்டில் இருப்பவர்களுக்குக்கூடத் தெரியாமல், வருடக்கணக்கில் கதவைச் சாத்திக்கொண்டே வந்திருக்கிறது. அவருக்கு ஞானப்பல்லும் சாய்ந்திருக்கலாம். ஒருவருக்கு இரண்டு நோய் இருக்கக் கூடாதா? ஒன்றைக் கண்டதும் தேடுவதை நிறுத்திவிடுவதுதான் எங்கள் தொழிலில் நடக்கிற பெரிய தவறு. நானும் ஆரம்ப காலத்தில் அதைச் செய்திருக்கிறேன். ஒரு மீனவருக்குப் பல்லை எடுத்து அனுப்பிவிட்டேன். ஒன்றரை வருடம் கழித்து அவர் திரும்பி வந்தபோது என் சுண்டுவிரல்கூட அவர் வாய்க்குள் போகவில்லை. அன்றிலிருந்து யார் வந்தாலும் பல்லைப் பார்க்கும் முன் கன்னத்தைத் தடவிப் பார்க்கிறேன்.

இன்றிரவு வீட்டிலேயே நீங்கள் செய்து பார்க்கலாம். அவருடைய ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவில் நுழைக்கச் சொல்லுங்கள். அவரவர் வாய்க்கு அவரவர் விரல்தான் அளவு. மூன்றும் நுழைந்தால் பெரும்பாலும் பாதகமில்லை. இரண்டுதான் என்றால் நோய் நடுக்கட்டத்துக்கு வந்திருக்கலாம். பிறகு நாக்கை நீட்டச் சொல்லுங்கள், உதட்டைத் தாண்டுகிறதா? கன்னத்தைக் காற்றடைத்து உப்பச் சொல்லுங்கள். டார்ச் அடித்துக் கன்னத்தின் உட்புறத்தைப் பாருங்கள். ரோஜா நிறமாக இருக்க வேண்டிய இடம் பளிங்கு போல வெளுத்திருக்கிறதா? கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலால் உட்கன்னத்தை மேலிருந்து கீழாக இல்லாமல் குறுக்கே தடவுங்கள். கோணி தைக்கிற சணல் மாதிரி செங்குத்தாகக் கயிறு தட்டுப்படும். உள்நாக்கு வாடிய மொட்டு மாதிரி சுருங்கியிருப்பதும் உண்டு.

இனி பாக்கைப் பற்றி. தம்பி எழுதியதைத்தான் ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விவரமாக எழுத வேண்டியிருக்கிறது. பாக்கில் அரிகோலின் என்கிற சத்து இருக்கிறது. சவ்வுக்கு அடியில் நார் நெய்கிற செல்களை அது முடுக்கிவிடுகிறது. பாக்கில் செம்பும் அதிகம். நெய்த நாரை ஒன்றோடொன்று பின்னி முறுக்குகிற நொதியைச் செம்பு வேலை வாங்குகிறது. மூன்றாவது, பாக்கின் துவர்ப்பு. தோல் பதனிடுகிறவர்கள் துவர்ப்பை எதற்காகச் சேர்க்கிறார்கள்? தோலில் உள்ள நார் அழுகிக் கரையாமல் இருப்பதற்காக. அதே வேலையைத்தான் பாக்கு ஒரு நாளைக்கு இருபது தடவை உங்கள் வீட்டுக்காரரின் கன்னத்தில் செய்துகொண்டிருக்கிறது. நார் கூடிக்கொண்டே போகும், கரைய வழி இல்லை. இந்த நோய்க்கு முதல் காரணம் பாக்குதான். புகையிலை இல்லாவிட்டாலும் வரும். சுண்ணாம்பு சவ்வை அரித்துப் பாக்குக்கு வழி திறந்துவிடுகிறது.

புகையிலையை விட்டது மிக நல்ல காரியம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கையும், தனிப் பாக்கையும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் வகையிலேயே சேர்த்துவிட்டது. இரண்டில் ஒன்றைத்தான் அவர் விட்டிருக்கிறார். தேங்காய் உடைத்ததைப் பற்றி வருந்தாதீர்கள். உங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்த நோயை இந்தக் காலத்து மருத்துவ ஏடுகளில் முதலில் பதிந்தவர் ஷ்வார்ட்ஸ் என்பவர், 1952-இல். அவர் கண்டது கிழக்கு ஆப்பிரிக்காவில் குடியேறியிருந்த ஐந்து இந்தியப் பெண்களிடம். இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கடல் தாண்டிப் போன இடமெல்லாம் நாம் வெற்றிலைத் தட்டையும் கொண்டுபோனோம்.

நீங்கள் எழுதத் தயங்கிய வார்த்தைக்கு வருகிறேன். இது புற்றுநோய் இல்லை. ஆனால் புற்றுநோயாக மாறக்கூடிய நிலம். எத்தனை பேருக்கு மாறும் என்பது ஆராய்ச்சிக்கு ஆராய்ச்சி வேறுபடுகிறது. 100 பேரில் 4 முதல் 8 பேர் வரை என்று வைத்துக்கொள்ளலாம், அதுவும் பல வருட ஓட்டத்தில். மீதிப் பேருக்கு மாறுவதில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள். டார்ச் அடித்துப் பார்க்கும்போது துணியால் துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், கழுத்தில் கட்டி, காரணமில்லாமல் ஆடுகிற பல், உதட்டில் மரப்பு ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் மறுநாளே மருத்துவமனையில் இருக்க வேண்டும். வெள்ளையைவிடச் சிவப்புத் திட்டுக்கு நான் அதிகம் பயப்படுவேன்.

அங்கே ஒரு துளி சதை எடுத்துப் பயாப்சி செய்யலாம் என்று சொன்னால் மறுக்காதீர்கள். கத்தி பட்டால் புற்று பரவும் என்று யாராவது சொல்வார்கள். அப்படி நம்பி வீட்டுக்குத் திரும்பிப் போனவர்களை மறுபடி நான் பார்த்த நிலைமையை இங்கே எழுத விரும்பவில்லை. பயாப்சியால் பரவுவதில்லை. பரிசோதிக்காமல் விட்டால்தான் பரவும்.

யாங்கூன் பல் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனைக்குப் போங்கள். பல்வலி என்று சீட்டு எழுதிக்கொள்ள வேண்டாம். வாய் திறப்பு குறைந்துகொண்டே வருகிறது, 25 வருடப் பாக்குப் பழக்கம் என்று சொல்லுங்கள். முன்பல் விளிம்புக்கும் முன்பல் விளிம்புக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பெரியவர்களுக்கு 35-க்கு மேல் இருக்க வேண்டும். அந்த எண் கையில் இருந்தால்தான் அடுத்த மாதம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று தெரியும். ரத்தசோகை இருக்கிறதா என்று ரத்தமும் பார்க்க வேண்டும். இரும்புச் சத்துக் குறைவு எரிச்சலைக் கூட்டும்.


ஞாயிறு டீச்சர் எழுதியது:

டாக்டரம்மா, உங்கள் பதிலைச் சத்தமாக அவருக்குப் படித்துக் காட்டினேன். மீனவரைப் பற்றிய இடம் வந்ததும் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

இரண்டு விரல்தான் நுழைந்தது. அதுவும் நெருக்கி. நாக்கு உதட்டோடு நின்றுவிட்டது. கன்னத்தை உப்பச் சொன்னால் காற்று உதட்டு வழியாக வெளியேறிவிடுகிறது. நான் விரல் விட்டுத் தடவினேன். இரண்டு பக்கமும் கயிறு இருக்கிறது, நீங்கள் சொன்ன அதே சணல். இருபது வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தும் இதைத் தொட்டுப் பார்க்காமல் இருந்திருக்கிறேனே என்று எனக்குத் தாங்கவில்லை.

வியாழக்கிழமை மருத்துவமனைக்குப் போகிறோம். பாக்கை விடுவதற்கு அவர் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கச் சொன்னார். பாக்கு இல்லாமல் ஓட்டினால் வழியில் பெகு ஊரைத் தாண்டுவதற்குள் கண் சொக்கிவிடும், வண்டியில் கிளீனர் பையனும் இருக்கிறான், ஒரு நாள் தூங்கிவிட்டால் இரண்டு உயிர் போகும் என்கிறார். அவர் சாக்குச் சொல்கிறவர் இல்லை. நிஜமாகவே அதற்குப் பயப்படுகிறார். என்ன செய்வது?

இன்னொன்று. ஆவணியில் என் நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் என்ற முறையில் வெற்றிலை பாக்கு மாற்றுகிறவரே இவர்தான்.


பெகு டீக்கடைக்காரர் எழுதியது:

தங்கச்சி, எனக்கு 51 வயது. பெகுவில் டீக்கடை வைத்திருக்கிறேன். உன் வீட்டுக்காரர் என் கடையில் வண்டி நிறுத்தி டீ குடித்திருக்கவும் கூடும். நான் சொல்வதை அவரிடமும் சொல்.

எனக்கு வாய் 11 மில்லிமீட்டரில் வந்து நின்றது. நான் விற்கிற மொஹிங்காவை, அந்த மீன் குழம்பு நூடுல்ஸை, நானே சாப்பிட முடியாது. நூடுல்ஸைக் கத்தரியால் நறுக்கி, குழம்போடு குடித்துக்கொண்டிருந்தேன். பல் துலக்க முடியாமல் பின்னாலிருந்த பற்கள் சொத்தையாகின. அந்தப் பற்களைப் பார்க்கக் கண்ணாடிக் குச்சிகூட உள்ளே போகவில்லை. என்னை அறுவைச் சிகிச்சைக்கு எடுத்துக்கொண்டார்கள். மயக்க மருந்துக் குழாயை வாய் வழியாக விட முடியாததால், நான் விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக, கேமரா வைத்த குழாயால் வழி பார்த்து இறக்கினார்கள். அதைத்தான் இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. பிறகு இரண்டு கன்னத்திலும் அந்த நார்களை அறுத்துவிட்டு, கன்னத்துக்குள்ளேயே இருக்கிற கொழுப்பை இழுத்துக் காயத்தின்மேல் போர்த்தித் தைத்தார்கள்.

மேசையில் 36 வரை திறந்ததாம். வீட்டுக்கு வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஐஸ் குச்சிகளை அடுக்கி வாயில் வைத்துத் தினமும் பயிற்சி செய் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வலித்தது. கடையில் வேலையும் இருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தேன், பிறகு அதையும் விட்டேன். ஐந்து மாதத்தில் 20-க்கு வந்துவிட்டது. அறுத்த இடத்தில் மறுபடியும் தழும்புதானே கட்டும். திரும்பவும் போய் நின்றபோது அங்கிருந்த டாக்டர் திட்டவில்லை. குச்சிகளை எண்ணிக் கையில் கொடுத்தார். அதிலிருந்து காலை, கடை திறக்கும் முன், மதியம், சாயங்காலம், படுக்கும் முன் என்று ஐந்து வேளை. இப்போது 27. குச்சிகளை ரப்பர் பேண்டு போட்டுக் கல்லாப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன்.

உன் வீட்டுக்காரருக்கு இரண்டு விரல் நுழைகிறது. என்னைவிட எவ்வளவோ நல்ல நிலைமை. அந்த இரண்டு விரலைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்.

என் கடை வாசலில் ஒரு குன்யாக்காரர் பெஞ்சு போட்டிருந்தார். பதினைந்து வருடப் பழக்கம். வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டேன். வருத்தத்தோடுதான் போனார். எனக்கும் வருத்தம்தான்.


மோல்மீன் பல் டாக்டரம்மா எழுதியது:

டீக்கடை அண்ணன் எழுதியதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது. குச்சி விஷயத்தில் ஒன்று மட்டும். முன்பல் இரண்டில் மட்டும் பாரம் ஏற்றினால் பல் ஆட ஆரம்பிக்கும். கொஞ்சம் உள்ளே தள்ளி, கோரைப் பல்லுக்குப் பின்னால், இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வையுங்கள். நுழைகிற அளவு குச்சிகளை வைத்துவிட்டு, நடுவில் இன்னும் ஒன்றை மெல்லத் தள்ளி, அப்படியே ஒரு நிமிடம். இழுக்கிற உணர்வு இருக்க வேண்டும், ரத்தம் வரக் கூடாது.

தூக்கத்தைப் பற்றி உங்கள் வீட்டுக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. பாக்கு மூளையைத் தட்டி எழுப்புகிற பொருள். கள், சிகரெட் போல அதற்கும் உடம்பு அடிமையாகும். நிறுத்தினால் முதல் சில நாள் தலைவலி, எரிச்சல், மந்தம் எல்லாம் வரும். அந்த நாட்களில் இரவில் ஓட்டக் கூடாது என்றே நான் சொல்வேன். முதலாளியிடம் பேசி இரண்டு வாரம் பகல் வண்டி கேட்கச் சொல்லுங்கள், அல்லது இன்னொரு ஓட்டுநரோடு போகட்டும். சுமார் 300 கிலோமீட்டரில் இரண்டு இடத்திலாவது நிறுத்திக் கால் மணி நேரம் கண்ணை மூடட்டும். வாய்க்கு ஏதாவது வேண்டும் என்றால் சர்க்கரை இல்லாத சூயிங்கம். அது தாடைக்கும் பயிற்சி. நாளைக்கு ஒன்று குறைக்கிறேன் என்பவர்கள் என் அனுபவத்தில் ஐந்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். தேதி குறித்து ஒரேயடியாக நிறுத்தியவர்கள்தான் தேறினார்கள்.

நிச்சயதார்த்தத்துக்கு ஏன் கலங்குகிறீர்கள்? தட்டை மாற்றுவதுதான் சடங்கு. தாய்மாமன் தட்டை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுக்கட்டும். மெல்ல வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. வெற்றிலைக்கு இருக்கிற மரியாதை என் வீட்டிலும் உண்டு. என் பாட்டியின் பாக்குவெட்டியை இன்னும் துடைத்து வைத்திருக்கிறேன்.

மருத்துவமனையில் கன்னத்துக்குள் வாராவாரம் ஊசி போடலாம் என்பார்கள். நாரை இளக்குகிற ஹையலுரானிடேஸ், கூடவே ஸ்டீராய்டு. பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம். எரிச்சல் நன்றாகக் குறையும், திறப்பு சில மில்லிமீட்டர் கூடும். பழைய வாய் அப்படியே திரும்பிவிடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். ஸ்டீராய்டு என்பதால் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, காசநோய் இருந்தால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். சொத்தைப் பல் ஏதாவது இருந்தால் இப்போதே அடைத்துவிடுங்கள், கருவி உள்ளே போகிற காலத்திலேயே. எண்ணெய் தேய்க்கிற அம்மாவிடம் போவதை நிறுத்தலாம். அவர் வெளியே தேய்க்கிறார், கயிறு உள்ளே இருக்கிறது.

கடைசியாக, உங்கள் பிள்ளைகளின் வாயையும் பாருங்கள். அப்பா போடுகிற வீட்டில் பிள்ளைகள் இனிப்புப் பாக்குப் பொட்டலத்தில் ஆரம்பிப்பார்கள்.


ஞாயிறு டீச்சர் எழுதியது:

வியாழன் போய்வந்தோம். 24 மில்லிமீட்டர். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி முதல் பக்கத்தில் தேதியோடு எழுதிவிட்டேன்.

இடது கன்னத்தில் பின்னால், பல் கடிக்கிற வரிசைக்கு நேராக, உளுந்து அளவில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்ததாம். எனக்கு டார்ச்சில் தெரியவில்லை. அன்றைக்கே மரக்கவைத்துத் துளி சதை எடுத்தார்கள். பயமாக இருந்தாலும் நீங்கள் எழுதியது நினைவில் இருந்ததால் இருவரும் ஒரே குரலில் சரி என்றோம். பத்து நாள் கழித்து நேற்று முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் செல்களில் லேசான மாற்றம் ஆரம்பித்திருக்கிறது, டிஸ்பிளேசியா என்று எழுதியிருக்கிறார்கள். திட்டை முழுவதுமாக எடுத்துவிட்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொன்னார்கள். ஊசி அடுத்த செவ்வாய் ஆரம்பம். ரத்தமும் குறைவாக இருக்கிறதாம், இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். பாக்கை நிறுத்தி இன்றோடு பதினோரு நாள். பகல் வண்டிதான் ஓட்டுகிறார்.

உங்கள் கடைசி வரியைப் படித்த இரவு, பெரியவனின் பள்ளிப் பையைத் திறந்தேன். 16 வயது. கணக்குப் புத்தகத்துக்குள் நான்கு பொட்டலம் இருந்தது. நான் கத்தவில்லை. அவன் அப்பா அவனைக் கூப்பிட்டு விளக்கின் அடியில் உட்கார வைத்து, தன் வாயைத் திறந்து காட்டினார். பிறகு அவனுடைய விரலையே உள்ளே விட்டுத் தடவச் சொன்னார். பையன் கையை எடுத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் போய்ப் பொட்டலங்களைக் கழிவறையில் கொட்டிவிட்டு வந்தான். அவனுக்கு மூன்று விரலும் தாராளமாக நுழைகிறது. அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

டாக்டரம்மா, ஊசி போட்ட அன்று என்ன சாப்பாடு கொடுக்க வேண்டும்? மிளகு ரசம் விடலாமா?


மோல்மீன் பல் டாக்டரம்மா எழுதியது:

அன்று வேண்டாம், டீச்சர். மரப்பு தெளிகிற வரை ஒன்றுமே கொடுக்காதீர்கள், கன்னத்தைக் கடித்துக்கொள்வார். அதன் பிறகு தயிர் சாதம், ஆறிய கஞ்சி, கனிந்த வாழைப்பழம். மறுநாள் எரிச்சல் இல்லாவிட்டால் மிளகு குறைத்து ரசம் விடலாம். குச்சிப் பயிற்சியை அன்றைக்கு ஒரு நாள் விட்டுவிட்டு, மறுநாள் காலையிலேயே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். எட்டாவது ஊசி முடிந்ததும் எத்தனை மில்லிமீட்டர் என்று இங்கே எழுதுங்கள்.